அடக்கி வைத்த வருஷங்கள்

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு தடவை சார்."

"நைட்லயா?"

"இல்ல சார், மொத்தமே ரெண்டு. காலைல வூட்லேர்ந்து கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. சாயந்திரம் வூட்டுக்கு வந்து ஒண்ணு."

சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு அது. எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நடுவுல?"

"நடுவுல வேலை சார்."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மூன்றரை வருஷத்துக்கு மேலாக நோயாளியாக அலைந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வேறு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம், கோபம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவிடந்தையில். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகள் வரத் தொடங்கியதும் ஒரு விடுதியின் தோட்டத்தில் களை பிடுங்கப் போனாள். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் நான்தான். டைப்ரைட்டிங்கும் படித்திருந்தேன், இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசவும் வரும். அதனால் பத்தொன்பது வயதில் மாமல்லபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எல்லோரும் பூத்துக்குத்தான் வரவேண்டும்.

பூத் என்றால், ஒரு லாட்ஜின் கீழே ரோட்டைப் பார்த்த சின்னக் கடை. உள்ளே ஆள் நின்று பேச இரண்டு கண்ணாடி அறைகள். எதிரே என் மேஜை, மேஜைமேல் மீட்டர், பில் அடிக்கிற மிஷின். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஏழுக்குத்தான் எழுந்திருக்கலாம். மத்தியானச் சாப்பாடும் மேஜையிலேயேதான். ஒருத்தர் பேசி முடித்து வந்ததும் பில்லைக் கிழித்துக் கொடுக்க நான் அங்கே இருந்தாக வேண்டும்.

கடையில் கழிப்பறை கிடையாது. மாடியில் லாட்ஜில் பதினோரு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிப்பறை. அது போக மாடிப்படிக்கு அடியில் தனியாக ஒன்று. அது எப்போதும் பூட்டியிருக்கும். சாவி, பூத்தை ஒட்டிய லாட்ஜ் கவுன்ட்டரில், முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கும். லாட்ஜ், பூத், பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த இடம், மூன்றும் அவருடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சாவியைக் கேட்டேன்.

"அது லாட்ஜ் கஸ்டமருக்கும்மா," என்றார். "இன்னிக்கி ஒன்ன வுட்டா நாளைக்கி வளையல் கடைக்காரி கேப்பா. அப்பறம் தெருவே இங்க வந்து வரிசையில நிக்கும்."

"நான் எங்க சார் போறது?"

"பஸ் ஸ்டாண்டுல கட்டி வெச்சிருக்கான் இல்ல?"

கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் இல்லை. வாசலில் நாலைந்து ஆம்பளைகள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தால் பூத் வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், முதலாளி நாலு பேர் கேட்கக் கத்தினார். அத்தோடு பஸ் ஸ்டாண்டு போவதை விட்டேன்.

வழி சொன்னது வளையல் கடை அக்காதான். "காலைல ஒரு டீ குடிச்சியா, அத்தோட நிறுத்திக்க. அப்பறம் தண்ணியே தொடாத. இந்த வெயிலுக்கு எல்லாம் வேர்வையாவே பூடும்," என்றாள். அவள் பத்து வருஷமாக அப்படித்தான் இருந்தாள். நானும் பழகிக்கொண்டேன். தாகம் பழகிவிட்டது. அடிவயிற்றில் பாரம் பழகிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொள்வது பழகிவிட்டது. இதையெல்லாம் ஒரு சாமர்த்தியம் போல நினைத்துக்கொண்டேன் என்பதுதான் இப்போது என்மேலேயே எனக்கு வரும் ஆத்திரம்.

ஆறாவது மாதம் எரிச்சல் தொடங்கியது. சொட்டுச் சொட்டாக, நெருப்பாக இறங்கும். முடித்து எழுந்தால் மறுபடியும் வருவதுபோல இருக்கும். மாமல்லபுரத்திலேயே ஒரு டாக்டரிடம் போனேன். அவருடைய கிளினிக்கில் ஒரே அறை, திரை கிடையாது. டாக்டருக்கு எதிரே ஸ்டூலில் ஒரு ஆள், அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஐந்தாறு பேர். ஸ்டூலில் உட்கார்ந்து, முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகப் பேசவில்லை.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல சார்."

"அப்ப யார்கூடயாவது பழக்கம் உண்டா? வெள்ளைக்காரன் வர்ற எடத்துல வேல செய்யற, அதான் கேக்கறேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இல்லை என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகம் இல்லை. "சூடுதான். மோர் குடி," என்று சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார். சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. எத்தனை தடவை போகிறாய், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு என் உடம்பில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அந்த ஒரு விஷயம் மட்டும்தான்.

மூன்று நாளில் எரிச்சல் அடங்கியது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் அதே மாத்திரை, அதே மூன்று நாள். இப்படியே மூன்றரை வருஷம். நடுவில் குளிர்க் காய்ச்சல் வந்து பல் கிட்டியபோது மலேரியா என்றார். இடுப்புக்கு மேலே வலித்தபோது கேஸ் ட்ரபிள் என்றார். நானும் வேறு டாக்டரைத் தேடிப் போகவில்லை. வேறு டாக்டர் என்றால் அந்தக் கேள்விக்கு இன்னொரு தடவை பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

ஒரு நாள் மத்தியானம் பூத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது விலாவுக்குக் கீழே கம்பியை விட்டு முறுக்கினதுபோல வலி வந்தது. மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையில், கிழித்துப் போட்ட பில்களின்மேலேயே வாந்தி எடுத்தேன். அந்த அம்மாள்தான் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஏறும்போது, "டிராயரப் பூட்டினியா?" என்று கேட்டார்.

வீட்டில் இறங்கியதும் அம்மா தோட்ட வேலையிலிருந்து ஓடி வந்து என்னைச் செங்கல்பட்டில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டர் வயிற்றை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு அப்பெண்டிக்ஸ் என்றார், உடனே ஆபரேஷன் என்றார்.

"வலி இடது பக்கம் சார்," என்றேன். அப்பெண்டிக்ஸ் வலது பக்கம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

"சில பேருக்கு மாறித் தெரியும்மா. நீ டாக்டரா, நான் டாக்டரா?"

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஸ்கேன் எடுத்தவர் வயதான ஒரு லேடி டாக்டர். கருவியை என் இடது விலாவில் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்பெண்டிக்ஸ்னு யார் சொன்னது?" என்று சத்தமாகக் கேட்டார். இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, உள்ளே கல், சின்னக் கல் இல்லை, கிளை கிளையாகப் பரவி உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். "இங்க யார்ட்டயும் காட்டிக்கிட்டு நிக்காத. மெட்ராஸ் போ. இந்த வாரமே போ," என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அந்த வாரம் போகவில்லை. இரண்டு மாதம் போகவில்லை. அதற்குக் காரணம் அம்மா.

"கிட்னி கெட்டுப்போன பொண்ணுன்னு பேரு வந்துட்டா எவன்டி கட்டிக்குவான்?" என்றாள். வாழைத்தண்டுச் சாறு தினமும் கொடுத்தாள். கல் கரைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தெருவில் கேட்டவர்களிடம் வயிற்றுப்புண் என்றாள். நான் சண்டை போட்டேன். பூத்தில் நாள் முழுக்க அடக்கி வைத்ததால்தான் இப்படி ஆயிருக்கும் என்று சொன்னேன்.

"அடக்கினதால கிட்னி பூடுமா? நாங்கெல்லாம் காலைல வயல்ல எறங்கினா பொயுது சாயற வரைக்கும் அடக்கிக்கினுதான் கெடந்தோம். எங்களுக்கு இன்னா ஆச்சி?"

அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த இரண்டு மாதமும் சாற்றைக் குடித்துக்கொண்டு பூத்துக்குப் போய்வந்தேன்.

பிறகு சிறுநீர் கலங்கி, நாற்றமெடுத்து, கெட்டியாக வந்தது. அதைப் பார்த்த காலையில் அம்மாவிடம் சொல்லாமல், லேடி டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். வேலைக்குப் போகிறேன் என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். எத்தனை தடவை போவீர்கள் என்று அந்த டாக்டர் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் முதலில் எழுதியது ஒரு யூரின் கல்ச்சர். சிறுநீரை வளர்த்துப் பார்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிக்கிற டெஸ்ட். "இதுக்கு முன்னாடி யாரும் எடுக்கலையா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது என்றேன். அவர் பேனா மூடியை அழுத்தி மூடினார். அரைகுறையாக அடித்த கிருமி சாகாமல் உள்ளேயே தங்கி, அதுவே அந்தக் கல்லை வளர்த்திருக்கிறது என்று அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்று நாள் மாத்திரை, மூன்று நாள் மாத்திரை என்று மூன்றரை வருஷம் அந்தக் கிருமியை நாங்கள் வளர்த்திருக்கிறோம்.

அடுத்து கையில் ஒரு மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவியது, வாயில் இரும்பைக் கடித்த ருசி. நேரம் விட்டு விட்டு நாலைந்து படம் எடுத்தார்கள். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலது பக்கம் சிறுநீரகம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது, அதிலிருந்து குழாய் இறங்குவதும் தெரிந்தது. இடது பக்கம் கல்லின் நிழல் இருந்தது. மற்றபடி இருட்டு. கடைசிப் படம் வரைக்கும் இருட்டு.

முதுகில் ஊசியால் துளை போட்டு ஒரு குழாயை இறக்கி, சீழை வெளியே எடுத்தார்கள். சீழ் வடிந்த பிறகு சிறுநீரகம் பிழைக்குமா என்று சில வாரம் பார்த்தார்கள். குழாயோடு சேர்த்துக் கட்டிய பையில் தினமும் எவ்வளவு வந்தது என்று நர்ஸ் குறித்துக்கொள்வார். ஒரு டம்ளர்கூட நிறையவில்லை. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"முன்னாடியே வந்திருந்தா சார்?"

அவர் தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா கல்லை மட்டும் எடுத்திருப்பேம்மா."

ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்டு வந்த அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். வார்டில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக்கொள்வாள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கழிப்பறைக்கு ஓடுவாள். இரண்டு மூன்று நாள் இதைக் கவனித்த நர்ஸ் அவளைப் பிடித்து நிறுத்தி, "உனக்கு என்னம்மா? எரியுதா?" என்று கேட்டார்.

"அது எப்பவும் அப்டித்தாம்மா. இவ பொறந்ததுலேர்ந்தே கீது."

நான் முதுகில் குழாயோடு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இதைக் கேட்டேன். இருபத்து மூன்று வருஷம். எங்களுக்கு இன்னா ஆச்சி என்று கேட்ட அதே அம்மா. கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. குழாய் நழுவிவிடும் என்று நர்ஸ் என் தோளை அமுக்கினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதெல்லாம் நோவுன்னு எனக்கு யாருடி சொன்னாங்க? பொம்பளைன்னா இப்டித்தான்னு நெனச்சிக்கினேன்," என்றாள். அவளுக்கும் கல்ச்சர் எடுத்தார்கள், சரியான மருந்தை, சொன்ன நாள் முழுக்கவும் கொடுத்தார்கள். பத்து நாளில் அவள் விடிய விடியத் தூங்க ஆரம்பித்தாள். அவள்மேல் இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது.

ஆபரேஷன் முடிந்த வாரம் முதலாளி பார்க்க வந்தார். ஆப்பிளும் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமேலாவது நல்லா தண்ணி குடிக்கணும்மா. நீங்கள்லாம் தண்ணியே குடிக்கறதில்ல, அதான் வம்பே," என்றார்.

பேசியது அம்மா. அதுவரை அவரை மொதலாளி, மொதலாளி என்று தவிர வேறு மாதிரி அழைத்தறியாதவள்.

"குடிச்சிட்டு எங்கய்யா வுடறது? உன் தலையிலயா?"

பக்கத்துக் கட்டில் பெண்மணி தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளி எழுந்து போய்விட்டார். ஆப்பிளைத் தூக்கிப் போடச் சொன்னேன். "ஆப்பிள் இன்னா பண்ணுச்சி?" என்று அம்மா அதை நறுக்கி வார்டு முழுக்கக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து, மாமல்லபுரத்தில் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். என் ஃபைலைக் கொண்டுபோயிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்ததும் டாக்டர், "என்ன தொந்தரவு?" என்றார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கு மட்டும் நான் தயாராக வந்திருக்கவில்லை.

"மூணரை வருஷம் உங்ககிட்டதான் சார் வந்தேன். எரிச்சல்னு. நீங்க சூடுன்னீங்க. இப்ப ஒரு கிட்னிய எடுத்துட்டாங்க." ஃபைலைப் பிரித்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "எத்தனையோ பேர் வர்றாங்க. மாத்திரைய நீ ஒழுங்கா சாப்ட்டிருக்க மாட்ட."

"ஒரு யூரின் டெஸ்ட் எழுதினீங்களா சார்? யார்கூட பழக்கம்னு கேக்கத் தெரிஞ்சுதே, எத்தினி தடவ போறன்னு கேக்கத் தெரியலியா?"

என் குரல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஃபைலை அவர் பக்கம் தள்ளினேன், காகிதங்கள் தரையில் விழுந்தன. அவர் என்னைத் தாண்டிப் பெஞ்சைப் பார்த்து, "அடுத்த ஆள்," என்றார். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, "கொஞ்சம் நவுருமா," என்றார். அவருக்கு முதுகுவலியாம். நான் குனிந்து காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. முகமாவது மாறும் என்று நினைத்தேன்.

அந்த ஆவேசத்தோடுதான் பூத்துக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும், நடந்ததெல்லாம் மறந்ததுபோல, "வாம்மா, ரெஸ்ட் எடுத்துட்டியா? நாளைலேர்ந்து வந்துடறியா?" என்றார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், சாவியை எடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தேன். வெள்ளை டைல்ஸ். வாளி நிறையத் தண்ணீர். பிரிக்காத சோப்பு. ஒரு நாளைக்கு ஓர் ஆள்கூட உபயோகிக்காத இடம். நான் நிதானமாக உபயோகித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வெளியே வந்து, நேரே வளையல் கடைக்குப் போய்ச் சாவியை அக்காவின் கையில் வைத்தேன்.

"போயிட்டு வாக்கா."

"இன்னா திமிரு ஒனக்கு!" என்று முதலாளி கடை வாசலில் நின்று கத்தினார். "இனிமே இந்தப் பக்கமே வராத!"

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, வளையல்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

டாக்டர்மேலும் முதலாளிமேலும் வந்ததைவிட அன்றைக்கு அவள்மேல் அதிகக் கோபம் வந்தது. பல மாதம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன்னு கோவமா கீறியா?"

"ஆமா."

"நீ படிச்சிருக்க, ஒனக்கு வேற வேல கெடைக்கும். என் கட அவன் எடத்துல கீது. நான் எங்க போவேன், சொல்லு." கொஞ்ச தூரம் போனதும், "அப்பறம் ஒரு வாரம் கயிச்சி நானே போயி கேட்டேன். ஒங்கம்மா ஆஸ்பத்திரில கேட்டது தெருவுக்கே தெரியும். குடுத்துட்டான். மொறைச்சிக்கினேதான் குடுக்கறான், ஆனா குடுக்கறான்," என்றாள்.

கோபித்துக்கொண்டதற்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகத்தான் வந்தது.

என் தழும்பையும் அதன் கதையையும் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: ஒன்று இருந்தால் போதும், எத்தனையோ பேர் ஒன்றோடு நல்லபடியாக இருக்கிறார்கள். உண்மைதான். டாக்டரும் அதையேதான் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பரிசோதிக்கிறேன், வலது சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் எனக்கு இரண்டு இருந்தன.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்து பூத்துகள் மூடிக்கொண்டன. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊரப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலைக்கு இன்டர்வியூ போனேன். கேள்விகள் முடிந்ததும் மேனேஜர், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"லேடீஸ் டாய்லெட்டைப் பாக்கணும் சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூட அனுப்பினார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, சுத்தமாகவும் இருந்தது. தாழ்ப்பாள் உடைந்திருந்தது. கதவைச் சாத்த ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள். வரவேற்புப் பெண், "நாங்க ஒருத்தருக்கொருத்தர் காவல் நிப்போம் மேடம்," என்றாள்.

திரும்பி வந்து மேனேஜரிடம் சொன்னேன். "தாழ்ப்பாள் போட்டதும் கூப்பிடுங்க சார்."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். நாலாவது நாள் போன் வந்தது. போனேன். ஆர்டரை நீட்டினார்கள். அதை வாங்குவதற்கு முன்னால், உள்ளே போய்த் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன். வந்து கையெழுத்துப் போட்டேன்.